பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல பைனாகுலர் வாங்குவது எப்படி: பறவை, காட்டுயிர் பார்ப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். 8×42 அல்லது 8×40 (இந்த எண்களின் அர்த்தம் கீழே வருகிறது), பேர் தெரிந்த கம்பெனி, விலை ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள், பார்க்க அந்தக் காலத்துப் பட்டாளத்து பைனாகுலர் மாதிரி அகலமாக இருந்தாலும் பரவாயில்லை. இவ்வளவோடு கடைக்குப் போனாலே பெரிய தப்பு எதுவும் நடக்காது. ஆனால் கடையில் நின்றதும் "சார், இதே விலையில் இருபது மடங்கு தெரியும், இதை எடுத்துக்குங்க" என்று வேறொன்றைக் கையில் வைப்பார்கள், இணையத்தில் தேடினாலோ 60×60, 100×80 என்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வரிசை கட்டி நிற்கும். அந்த இடத்தில் மனசு தடுமாறாமல் இருக்கத்தான் மிச்சம் எல்லாம்.

ஆங்கிலத்தில் இந்த விஷயத்தைத் தேடினால் கிடைப்பதில் நிறைய, அமெரிக்க வேட்டைக்காரர்களை மனதில் வைத்து எழுதினவை. அங்கே மான் வேட்டைக்கு லைசன்ஸ் உண்டு, சீசன் உண்டு, திறந்த மலைச்சரிவில் எங்கோ மேயும் மானைத் தேட 10×42, 12×50 என்று தூக்கிக்கொண்டு போகிறார்கள். இந்தியாவில் 1972-ம் வருஷத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் அந்தச் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். அதனால் தூரம் அளக்கும் கோடு போட்டது, இலைதழை டிசைன் போட்டது என்று கூடுதல் காசு கொடுக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று: மிருகம் வெளியே வருவது விடியற்காலையிலும் அந்தியிலும், அதனால் மங்கல் வெளிச்சத்தில் எது தெளிவாகக் காட்டுகிறதோ அதுதான் நல்ல பைனாகுலர்.

முதலில், எங்கே பார்க்கப் போகிறீர்கள்?

பணத்தை எடுப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள். வேடந்தாங்கலில் ஏரிக்கரை மேல் நின்றுகொண்டு தண்ணீருக்குள் இருக்கும் நீர்க்கடம்பு மரங்களைப் பார்க்கிறோம், நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் பெரிய பறவைகள், 8 மடங்கே அங்கு தாராளம். பள்ளிக்கரணையில் ரோட்டோரம் நின்று பார்க்கும்போது பக்கத்துக் கோரைக்குள் கதிர்க்குருவி ஒன்று இந்தத் தண்டிலிருந்து அந்தத் தண்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், அதைப் பிடிக்க மடங்கைவிடப் பார்வைப் பரப்புதான், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதுதான் முக்கியம். முதுமலையில் வேனுக்குள் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டே பார்க்க வேண்டும், அதிகமாகப் பெரிதாக்கும் பைனாகுலர் அங்கே வெறும் மங்கலைத்தான் காட்டும். வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் மர உச்சியில் சிங்கவால் குரங்கோ இருவாச்சியோ இருந்தால், வெளியே வெயில் அடித்தாலும் இலைக்கூட்டத்துக்கு உள்ளே இருட்டுதான், ஒளி அதிகம் வாங்கும் முன்பக்க லென்ஸ் வேண்டும்.

கோடியக்கரை மட்டும் கொஞ்சம் வேறு கதை. வெளிமானுக்கு 8 மடங்கு போதும், ஆனால் உப்பளத்துக்கு அப்பால் நிற்கும் பூநாரைக் கூட்டத்தையும் சேற்றில் ஓடும் சின்னச்சின்ன உள்ளான்களையும் இனம் பிரிக்க 10 மடங்குகூடப் பற்றாது. அதற்கு ஸ்டாண்டில் நிற்க வைக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும், அது வேறு பட்ஜெட். போதாததற்கு வெயில் ஏறினால் கானல் அலையில் பறவை நெளியும், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கண்ணாடியாலும் அதைச் சரி செய்ய முடியாது. காலையிலேயே போய்விடுங்கள்.

அந்த இரண்டு எண்கள்

8×42 என்றால் 8 மடங்கு, முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். எண்பது மீட்டரில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை பத்து மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். 10 மடங்கில் அதுவே எட்டு மீட்டர், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் பறவை பெரிதாகும் அதே அளவுக்கு உங்கள் கை நடுக்கமும் பெரிதாகும். 10 மடங்கு வரை பலரும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள், 12-க்கு மேல் போனால் ஸ்டாண்ட் இல்லாமல் ரொம்ப நேரம் பார்க்க முடியாது, 20 மடங்கைக் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும், பறவையின் கண் எது மூக்கு எது என்று சொல்ல வராது. நடுக்கத்தை உள்ளேயே சரி செய்யும் பைனாகுலர்களும் இருக்கின்றன, இந்த பட்ஜெட்டில் அவற்றின் பக்கம்கூடப் போக முடியாது.

இப்போது இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. பைனாகுலரின் பின்பக்கத்திலிருந்து உங்கள் கண்ணுக்குள் விழும் ஒளி வட்டத்தின் அகலம் அது, மில்லிமீட்டரில். எக்ஸிட் ப்யூபில் என்பார்கள். நல்ல வெயிலில் நம் கண்பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும், இருட்டும்போது ஐந்து, சின்ன வயசுக்காரர்களுக்கு ஏழு வரைகூட விரியும். 10×25 பாக்கெட் பைனாகுலரில் அந்த வட்டம் 2.5 மட்டுமே. அந்தியில் உங்கள் கண்பாவை ஐந்துக்கு விரிந்து காத்திருக்கிறது, வருவதோ இரண்டரை. பரப்பளவைக் கணக்குப் போட்டால் 8×42 சுமார் நாலு மடங்கு வெளிச்சம் தருகிறது. மத்தியானம் கடை வாசலில் நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் துளிகூடத் தெரியாது, பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 20×50-க்கும் இதே இரண்டரைதான், அரைக்கிலோவுக்கு மேல் கனத்தைத் தூக்கிக்கொண்டு பாக்கெட் பைனாகுலர் வெளிச்சத்தில் பார்ப்பானேன்?

10×42 கேட்பவர்களும் இருக்கிறார்கள். திறந்தவெளி, புல்வெளி, கடற்கரை மட்டும்தான் பார்ப்பேன், கையும் நிலையாக நிற்கும் என்றால் எடுங்கள். முதல் பைனாகுலர் என்றால் 8 தான். கழுத்து வலி உள்ளவர்கள், பயணத்தில் எடை குறைக்க நினைப்பவர்கள் 8×32 பார்க்கலாம், ஒளி வட்டம் 4 வருகிறது, மோசமில்லை.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும், பார்வைப் பரப்பு. டிகிரியில் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் ஆயிரம் மீட்டரில் இத்தனை மீட்டர் என்று. ஒரு டிகிரி சுமார் பதினேழரை மீட்டர். 7 டிகிரிக்குக் குறையாமல் பாருங்கள், 8 இருந்தால் சந்தோஷம். பறந்துகொண்டிருக்கும் கரிச்சானை பைனாகுலருக்குள் கொண்டுவர முடிகிறதா இல்லையா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது.

போரோவா, ரூஃபா?

லென்ஸ் தலைகீழாகக் காட்டும் படத்தை நிமிர்த்த உள்ளே முப்பட்டகம் வைத்திருப்பார்கள். முன்பக்கக் குழாய்கள் அகன்று தோள் தூக்கினாற்போல இருந்தால் அது போரோ, குழாய் நேராக ஒரே கோட்டில் இருந்தால் ரூஃப். ரூஃப்தான் மெல்லியது, பார்க்கவும் நவீனமாக இருக்கும், தண்ணீர் புகாமல் செய்வதும் சுலபம். ஆனால் அதன் முப்பட்டகத்தை மிகத் துல்லியமாகப் பட்டை தீட்ட வேண்டும், அதில் ஒரு முகத்துக்குக் கண்ணாடிப் பூச்சு, படம் கூர்மையாக வர ஃபேஸ் பூச்சு என்று தனித்தனிச் செலவு இருக்கிறது. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் இவற்றில்தான் கை வைப்பார்கள். போரோவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதனால் பத்தாயிரத்துக்குக் கீழே ஒரே விலையில் ஒரு போரோவையும் ஒரு ரூஃபையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் போரோவே தெளிவாக இருக்கும், முன் லென்ஸ்கள் விலகி இருப்பதால் எது முன்னே எது பின்னே என்ற ஆழமும் நன்றாகத் தெரியும்.

குறையும் உண்டு. மலிவு போரோக்கள் பெரும்பாலும் மழை தாங்காது, பருமன் அதிகம், ரொம்பப் பக்கத்தில் இருக்கும் பட்டாம்பூச்சியை ஃபோகஸ் செய்ய முடியாது. மழைக்காலத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் அலைபவர் என்றால் காசு சேர்த்து, நைட்ரஜன் நிரப்பிய, தண்ணீர் புகாத ரூஃபே வாங்குங்கள். ஊட்டிக் குளிரில் உள்ளுக்குள் பனி படிந்துவிட்டால் வெளியே துடைத்து ஒன்றும் ஆகாது.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

பூச்சு இல்லாத கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும், ஒரு பைனாகுலருக்குள் பத்துக்கு மேல் பரப்புகள் இருக்கும். அதனால் 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், எல்லாக் கண்ணாடிப் பரப்புக்கும் பல அடுக்குப் பூச்சு என்று அர்த்தம். 'மல்டி கோட்டட்' என்றால் எங்கோ சிலவற்றுக்கு மட்டும். வெறும் 'கோட்டட்' என்றால் வைத்துவிடுங்கள். முன்பக்க லென்ஸ் சிவப்பாக, ஆரஞ்சாகப் பளபளக்கும் ரகம் ஒன்று இருக்கிறது, ரூபி என்பார்கள், பார்க்க மிரட்டலாக இருக்கும். அது சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பறவை பச்சை பூசினதுபோலத் தெரியும்.

முப்பட்டகம் பேக்-4 கண்ணாடி என்றால் நல்லது, பிகே-7 என்றால் ஓரத்தில் வெளிச்சம் குறையும். ஜூம், ஃபோகஸ் தேவையில்லாதது, இரவிலும் தெரியும் என்கிற மூன்றையும் இந்த விலையில் தொடவே வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ஐ ரிலீஃப் என்ற எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கண்ணை எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்து முழு வட்டத்தையும் பார்க்க முடியும் என்பதன் அளவு அது. 15 மில்லிமீட்டராவது வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம்தான் தெரியும். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பியே சரி செய்துகொள்ளலாம், ஆனால் பறவையைக் கண்ணால் தேட மறுபடி கண்ணாடி போட வேண்டும், கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும்.

எவ்வளவு பணத்துக்கு என்ன கிடைக்கும்

விலை மாறிக்கொண்டே இருக்கும், இது தோராயம்தான். மூவாயிரத்துக்குக் கீழே பெரியவர்களுக்கு நான் எதையும் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு என்றால் 8×21 மாதிரி சின்னது போதும், கீழே போட்டாலும் மனசு வலிக்காது.

ஏழிலிருந்து பத்தாயிரம் வரைதான் காசுக்கு மதிப்பு அதிகம் கிடைக்கும் இடம். ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் ஐ, நிக்கான் அக்குலான் ஏ211 8×42, இரண்டும் போரோ, பார்வைப் பரப்பு எட்டு டிகிரி அல்லது அதற்குச் சற்று மேலே, எடை எழுநூறு கிராமும் கொஞ்சமும். இரண்டிலும் ஐ ரிலீஃப் 12 மில்லிமீட்டர்தான், ஆக மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கு ஒத்துவராது. மழையும் ஆகாது. அவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்து நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3 8×42 அல்லது செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42 பக்கம் போகலாம், இரண்டும் தண்ணீர் புகாத ரூஃப். ப்ரோஸ்டாஃபில் ஐ ரிலீஃப் இருபது மில்லிமீட்டர், எடையும் அறுநூறு கிராமுக்குக் கீழே. செலஸ்ட்ரான் இரண்டு மீட்டர் பக்கத்தில் இருக்கும் தும்பியைக்கூடக் காட்டும்.

இதற்கு மேல் இருபத்தைந்தாயிரம், ஐம்பதாயிரம் என்று போகும்போது படம் நன்றாகத்தான் ஆகிறது, ஆனால் கொடுக்கும் காசின் வேகத்தில் அல்ல. அந்தப் பணத்தில் நாலு தடவை கோடியக்கரை போய் வரலாம் என்பது என் கட்சி.

எதையும் வாங்குவதற்கு முன் இலவசமாக ஒரு வேலை செய்யுங்கள். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், சென்னையில் இயற்கை ஆர்வலர் குழுக்கள் அடிக்கடி வெளியே கூட்டிப் போவார்கள். அங்கே போனால் அஞ்சாறு பேர் கழுத்தில் அஞ்சாறு விதமான பைனாகுலர் தொங்கும், "ஒரு நிமிஷம் கொடுங்களேன்" என்றால் யாரும் மறுப்பதில்லை, கையில் வாங்கின நிமிஷத்திலேயே எது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பெட்டியைப் பிரித்ததும் கடைக்குள்ளேயே சுற்றிப் பார்க்காதீர்கள். வாசலுக்கு வாருங்கள். கையை நீட்டி, பைனாகுலரின் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடியுங்கள். இரண்டு கண் லென்ஸிலும் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டினதுபோலச் சதுரமாகத் தெரிந்தால், சாம்பல் நிழல் விழுந்தால், முப்பட்டகத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்து டியூப் லைட் அடியில் முன்பக்க லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம், யாரும் செய்யாததும் இதுதான். தூரத்தில் ஒரு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரையோ மின்கம்பியையோ ஃபோகஸ் செய்யுங்கள். பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல ஒரு சாண் அளவுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள், ஒரே வட்டம் இரண்டு வட்டமாகப் பிரியும். இரண்டிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருக்கிறதா? ஒன்றில் மேலே, இன்னொன்றில் கீழே என்றால் இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. நம் மூளை கொஞ்ச நேரம் அதை ஒட்டவைத்துச் சமாளிக்கும், அப்புறம் அரை மணி நேரத்தில் தலைவலி ஆரம்பிக்கும், நீங்கள் வெயில் என்று நினைத்துக்கொள்வீர்கள். மலிவு விலைப் பொருளில் ஒன்று சரியாகவும் அதே மாடலில் அடுத்தது கோணலாகவும் இருக்கலாம், அதனால் இரண்டு மூன்று பீஸ் எடுத்துக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

கம்பியின் ஓரத்தில் ஊதா நிறம் ஒட்டினாற்போலத் தெரிவது கொஞ்சம் இருக்கும், இந்த விலையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சக்கரம் ஒரே சீராகத் திரும்ப வேண்டும், நடுக்கீல் தானாகத் தொங்கக் கூடாது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாட்களுக்குள் இதே சோதனைகளை வீட்டு மாடியில் செய்துவிடுங்கள். பெரிய கம்பெனி பெயரை ஒட்டிய போலிகளும் உலவுகின்றன, பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் பில்லும் வாரண்டி அட்டையும் தருகிறாரா என்று கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் கூடுதலாக ஒன்று: செல்போன் டார்ச்சை முன்பக்கத்திலிருந்து அடித்துப் பின்பக்கம் உள்ளே பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை தெரிந்தால் அது ஃபங்கஸ், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கியதும் உங்கள் கண்ணுக்கு ஏற்றுங்கள்

நல்ல பைனாகுலர் வாங்கியும் "ஒன்றும் தெரியலையே" என்பவர்களில் பலர் இதைச் செய்திருக்க மாட்டார்கள். முதலில் மூக்குக்கண்ணாடி இல்லாதவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை மேலே தூக்கி வையுங்கள், இருப்பவர்கள் மடித்துவிடுங்கள். இரண்டு குழாயையும் நெருக்கியோ விலக்கியோ ஒரே வட்டமாகத் தெரியும் வரை சரி செய்யுங்கள். சினிமாவில் காட்டுவதுபோல எட்டு வடிவம் தெரிந்தால் இன்னும் சரியாகவில்லை.

அடுத்து டையாப்டர், இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரி செய்யும் வளையம். வலது முன் லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு, கண்ணை இடுக்காமல், இடது கண்ணால் ஒரு பெயர்ப் பலகையை நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். இப்போது இடது லென்ஸை மூடிவிட்டு அதே பலகையை வலது கண்ணால் பாருங்கள், நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது கண் பக்கத்தில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பிக் கூர்மையாக்குங்கள். அந்த வளையம் எந்தக் குறியில் நிற்கிறதோ அதுதான் உங்கள் எண், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது வாங்கிப் பார்த்தால் நிச்சயம் கலைத்துவிடுவார்கள்.

பறவையைப் பிடிக்கும் பழக்கம்: பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரத்தைத் தேடாதீர்கள். வெறுங்கண்ணால் பறவையைப் பாருங்கள், பார்வையை எடுக்காமல், தலையை அசைக்காமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். தெருவிளக்குக் கம்பத்து மைனாவை வைத்துச் சில நாள் பழகினால் கைக்கு வந்துவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள், சுவரோ மரமோ இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள், வேனில் மட்டும் கம்பி மேல் பைனாகுலரை ஊன்றாதீர்கள், எஞ்சின் அதிர்வு நேராக ஏறும். ஏரியில் சாயங்காலம் பறவைகள் கூடு திரும்பும்போது மேற்கே பார்த்துக்கொண்டே சூரியனுக்குள் போய்விடுவது சுலபம், ஒரு நொடியே கண்ணைப் பறித்துவிடும், குழந்தைகள் கையில் இருக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

எழுநூறு கிராமை மெல்லிய வாரில் தொங்கவிட்டால் மதியத்துக்குள் கழுத்து கெஞ்சும். தோள் வழியாக முதுகில் குறுக்கே போகும் பட்டை தனியாக விற்கிறார்கள், அதை வாங்கிவிடுங்கள்.

துடைப்பதும் வைப்பதும்

சட்டை நுனி, கைக்குட்டை, துப்பட்டா எதுவும் வேண்டாம். புழுதியோடு தேய்த்தால் பூச்சு கீறிவிடும். முதலில் ஊதும் பந்தால் தூசியை ஊதித் தள்ளி, மிச்சத்தை மென்தூரிகையால் தட்டி, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. ஏசி காரிலிருந்து இறங்கினதும் லென்ஸில் ஆவி படியும், துடைக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் தானே போய்விடும். வெயிலில் நிற்கும் காருக்குள் பைனாகுலரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நம் ஊரில் பைனாகுலரைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான், கடலோர ஊர்களில் வருஷம் முழுக்கவே. கூட வரும் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால் ஃபங்கஸுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், நிறம் மாறும் ரகம் வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். மழையில் நனைந்து வந்த நாளில் நேராக டப்பாவுக்குள் வைக்காமல், ஒரு ராத்திரி ஃபேன் காற்றில் உலரவிட்டு மறுநாள் வையுங்கள்.